பதிவேட்டில் ஏறினால் வீட்டைத் தொட முடியாதா?

“அமெரிக்காவில் ஒரு வீடு தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டில் ஏறிவிட்டால், உரிமையாளர் ஜன்னலைக்கூட மாற்ற முடியாது, ஏழைகளைத் துரத்தத்தான் இந்த ஏற்பாடு” என்று ஒரு பதிவு சுற்றுகிறது. அது தவறு.

1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான அந்தப் பதிவேடு, சொந்தப் பணத்தில் வேலை செய்யும் தனியாரைக் கட்டுப்படுத்துவதில்லை. அதைப் பொறுத்தவரை வீட்டை இடிக்கக்கூடச் செய்யலாம். மத்திய அரசின் நிதியோ அனுமதியோ தேவைப்படும் திட்டங்களுக்குத்தான் பரிசீலனை உண்டு. கட்டுப்பாடுகள் பெரும்பாலும் உள்ளூர்ச் சட்டத்திலிருந்தே வருகின்றன. நியூயார்க் நகரின் 1965ஆம் ஆண்டுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் போல.

சரி, ஏழைகளுக்கு அநீதியே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். வரலாற்றுச் சின்னமாக ஏற்கப்பட்ட பழைய கட்டடத்தைப் புதுப்பித்தால் மத்திய அரசு தரும் 20 சதவீத வரிச் சலுகை, வருமானம் தரும் கட்டடங்களுக்கு மட்டுமே. தன் வீட்டிலேயே குடியிருக்கும் குடும்பத்துக்கு அது கிடையாது. கோபப்பட வேண்டியது இதற்குத்தான்.

பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பணக்காரர்களின் விவகாரமும் அல்ல. அடிமை முறையை நியூயார்க் மாநிலம் 1827இல் ஒழித்தபின், புரூக்ளினில் சுதந்திரக் கறுப்பின மக்கள் உருவாக்கிய ஊர் வீக்ஸ்வில். மறக்கப்பட்டுக் கிடந்த அதன் பழைய வீடுகள் 1968இல் அடையாளம் காணப்பட்டன. அக்கம்பக்கத்து மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து போராடி, 1970இல் நியூயார்க் நகரச் சின்னமாக அறிவிக்க வைத்தார்கள்.