கூடிச் சாப்பிட்டதுதான் குற்றமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் பெண் விமானிகளான நாங்கள் கூடிச் சாப்பிட்டபோது எடுத்த படத்தை இங்கே போட்டிருந்தோம்; அதன் கீழே, இது வெறும் "கிட்டி பார்ட்டி", அதாவது பெண்கள் பொழுதுபோக்கக் கூடும் விருந்து, என்று ஒருவர் கருத்து எழுதியிருந்தார். எழுதியவர் என்னைவிட அனுபவம் மிக்க விமானி. பெண் விமானிகள் சேலை கட்டிக்கொண்டு சந்தகை சாப்பிட்டதை அவர் "கிட்டி பார்ட்டி" என்று எழுதியதையும், அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளையும் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

அங்கே பேசியது தொழில். பிள்ளை பெற்று மாதக்கணக்கில் விமானம் ஓட்டாமல் இருந்துவிட்டுத் திரும்பிய ஒருவர், தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் கருவியான சிமுலேட்டரில் முதல் நாள் கை எப்படித் தயங்கியது என்று சொன்னார். ரத்தசோகையால் மருத்துவத் தகுதிச் சான்று தள்ளிப்போன இன்னொருவர், பரிசோதனைக்குப் போகுமுன் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினார். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று, கோவையில் தரையிறங்கும் நேரத்தில் விமானத்தை உலுக்குவதைப் பற்றிப் பயிற்சியில் இருக்கும் ஒரு பெண் கேட்டாள். வெகுநேரம் அதையே பேசினோம்.

இதை வாட்ஸ்அப்பில் கேட்கலாமே என்கிறார்கள். தன் உடல்நிலையையும் பயத்தையும் எந்த விமானி நூறு பேர் உள்ள குழுவில் எழுதுவார்? பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறிக்கொண்ட பிறகுதான் அந்தப் பேச்சு வாயில் வருகிறது.

ஆண்களுக்கு இதற்கென்று தனியாக ஒரு நாள் தேவைப்படவில்லை. நான் பயின்ற இடத்தில் மாலை நேரத் தேநீர்க் கடையே அவர்களுக்கு இரண்டாம் வகுப்பறை. எந்தத் தேர்வாளர் எதைக் கேட்பார், எந்த விமானத்தின் ரேடியோ சரியில்லை என்பதெல்லாம் அங்கேதான் கைமாறும். அந்த நேரத்தில் நான் ஏழு மணிக்குக் கதவு சாத்தும் பெண்கள் விடுதிக்குள் இருந்தேன். உடன் படித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அங்கே நான் இல்லை என்பது அவர்கள் நினைவில்கூட இல்லை.

"விமானி அறைக்குள் ஆண் பெண் பேதம் இல்லையே" என்போருக்கு: உண்மை, விமானத்துக்கு அந்தப் பேதம் தெரியாது. இந்திய விமானிகளில் பெண்கள் 12 சதவீதத்துக்கு மேல், உலக அளவில் அதில் பாதிகூட இல்லை என்று பெருமையும் கொள்கிறோம். ஆனாலும் பெரும்பாலான நாள்களில் விமானி அறையில் பெண் என்று நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

1929 ஆகஸ்டில் அமெரிக்காவில் பெண் விமானிகள் சாண்டா மோனிகாவிலிருந்து கிளீவ்லண்டு வரை விமானப் பந்தயத்தில் பறந்தபோது, முகப்பவுடர் பூசும் பஞ்சை வைத்து அந்தப் பந்தயத்துக்கு 'பவுடர் பஃப் டெர்பி' என்று ஓர் ஏளனப் பெயர் சூட்டினார்கள். பந்தயத்தில் மார்வெல் கிராசன் என்ற விமானி உயிரிழந்தார். அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 2 அன்று நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு விமானக் கொட்டகையில் 26 பெண்கள் கூடிப் பேசி, பெண் விமானிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். சங்கத்தில் முதலில் சேர்ந்தவர்கள் 99 பேர் என்பதால் அதற்கு 'நைன்ட்டி-நைன்ஸ்' என்றே பெயரிட்டார்கள். புகழ்பெற்ற விமானி அமீலியா இயர்ஹார்ட் அதன் முதல் தலைவரானார். இன்றுவரை பயிற்சிக்கு உதவித்தொகை வழங்கிவரும் அந்தச் சங்கமும் கூடி உட்கார்ந்து பேசியதில் பிறந்ததுதான்.

குடும்பத்தைக் கவனிக்கும் நாளில் ஊர் சுற்றலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லப்போவதில்லை. அதே ஞாயிறு மைதானத்தில் கிரிக்கெட் ஆடிய விமானிகளிடம் அதை யாரும் கேட்கவில்லை.

சிரிப்புக் குறி போட்டவர்களில் என் உறவினர்களும் உண்டு. என் பயிற்சிக்காக அப்பா தென்னந்தோப்பை அடமானம் வைத்தபோது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க இவ்வளவு செலவு?" என்று வாசலில் நின்று கேட்டவர்கள் அவர்கள். அப்பா பதில் பேசாமல் உள்ளே போனார். அன்று எங்கள் வீட்டில், இந்தக் கடனை எப்படி அடைப்பது, இரவுப் பணிக்குப் பெண்ணை எப்படித் தனியாக அனுப்புவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பெண் விமானியைக்கூட என் அம்மாவுக்குத் தெரியாது.

அடுத்த கூட்டம் ஈரோட்டில் நடக்கும். பயிற்சியில் இருக்கும் பெண்கள் தங்கள் அம்மாக்களையும் அழைத்து வர வேண்டும். சாப்பாடு எங்களுடையது, படம் எடுத்து இங்கேயே போடுவோம்.