வட்ட ஓட்டை எங்க?

பெட்டிக்கு மேல கொட்டை எழுத்தில "மிடி கீபோட்" எண்டு போட்டிருக்கு. (மிடி எண்டால் எந்தக் கட்டையை அமத்தினது, எதை விட்டது எண்டு ஒரு இசைக்கருவி மற்றதுக்குச் சேதி சொல்லுற முறை.) சாமானை எடுத்துப் பின்பக்கம் திருப்பினா ஒரு யூஎஸ்பி ஓட்டை, ஒரு பெடல் ஓட்டை. முடிஞ்சுது. 1983இல மிடி வந்த நாளில இருந்து அதுக்கு அடையாளம் அஞ்சு துளை போட்ட வட்ட சொக்கெற்தான். அது இல்லாத ஒண்டை மிடி எண்டு விக்கிறது, வாளியும் கயிறும் இல்லாத துலாவைக் கிணத்தடியில நட்டுப்போட்டுத் தண்ணி அள்ளுங்கோ எண்டு சொல்லுற மாதிரி. கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து வாசிக்கிறவைக்கு ஒரு குறையும் இல்லை. எங்கட மேடையில கொம்பியூட்டர் எங்க இருக்கு?

போன கிழமையும் அதே கூத்து. புதுக்குடியிருப்புப் பக்கம் திருவிழா மேடை. எட்டு மணிக்குப் பாட்டு. ஏழரைக்குப் பெடியன் ஒருத்தன் 25 கட்டைச் சின்னக் கீபோட்டைப் புத்தகப் பையில இருந்து எடுக்கிறான். மேசையில பழைய சவுண்ட் மொடியூல் (கட்டை இல்லாமல், வாற சேதிக்குச் சத்தம் போடுற பெட்டி), அதில மிடி இன், வட்டம். கீபோட்டில யூஎஸ்பி, சதுரம். "அண்ணை, இதை எங்க குத்துறது?"

சவுண்ட்ஸ்கார அண்ணை மொடியூலைத் திருப்பிப் பாக்கிறார். அதிலயும் ஒரு யூஎஸ்பி ஓட்டை! எல்லாருக்கும் முகம் மலர்ந்திட்டுது. பிறகுதான் தெரியுது, அதுவும் அதே சதுரம். சதுரத்துக்கும் சதுரத்துக்கும் இடையில போட வயர் கடையில இல்லை. ஏன் இல்லை எண்டு ஒரு நிமிசம் யோசிச்சிருந்தா அண்டைக்கு இரவு எல்லாரும் மரியாதையா வீட்ட போயிருக்கலாம். யூஎஸ்பியில ஒரு பக்கம் கேக்கிற ஆள் இருக்கவேணும், கொம்பியூட்டரோ போனோ. கீபோட்டும் மொடியூலும் ரெண்டும் கேட்டால் மட்டும் பதில் சொல்லுற சாதி. ரெண்டையும் நேரடியாக் கொழுவினா, மற்ற வீட்டுக்காரர் முதல் வாய் திறக்கட்டும் எண்டு ரெண்டு சம்பந்தியும் முற்றத்தில குந்தி இருக்கிற கதைதான்.

ஏழே முக்காலுக்கு ஒரு மோட்டச்சைக்கிள் பறக்குது. கொண்டு வந்தது யூஎஸ்பி மிடி வயர். ஒரு பக்கம் தட்டை யூஎஸ்பி முனை, மற்றப் பக்கம் ரெண்டு வட்ட பிளக். அதுவும் கொம்பியூட்டரில குத்தத்தான் செய்தது! அதுவும் பதில் மட்டும் சொல்லுற சாதிதான்! ஆனா ஆர் கேக்கினம்? ஆரோ ஒரு இணைப்பானைத் தேடிப் பிடிச்சு, அந்தத் தட்டை முனையையும் கீபோட்டின்ர வயரையும் முத்தமிட வைச்சாச்சு. கீபோட்டில லைற் எரியேல்லை. எரியாது, கரண்ட் குடுக்க ஆள் இல்லை. உடன போன் சார்ஜரில கீபோட்டைக் குத்த லைற் பத்தீட்டுது, கைதட்டு. மிடி வயர் இப்ப கீபோட்டில இல்லவே இல்லை, அதை ஒருத்தரும் கவனிக்கேல்லை. லைற் எரிஞ்சா வேலை செய்யுது எண்டு நினைக்கிறதுதான் எங்கட நாட்டு வருத்தம்.

பிறகு அடுத்த அரை மணித்தியாலம் இன், அவுட் பிளக்கை மாத்தி மாத்திக் குத்தினது. அந்த வயர்களில இன்னொரு கோதாரி: சிலதில "இன்" எண்டு எழுதினதை இசைக்கருவியின்ர இன்னுக்குள்ள குத்தவேணும், சிலதில "இன்" எண்டால் இதுக்குள்ள வாறது எண்டு கருத்து, அதைக் கருவியின்ர அவுட்டில குத்தவேணும். சத்தம் வராட்டி மாத்திக் குத்திப் பாருங்கோ, ஒண்டும் எரியாது. கேக்கிற ஆளே இல்லாத இடத்தில மட்டும் எத்தினை தரம் மாத்தியும் பிரயோசனமில்லை.

கடைசியில போன்தான் கை குடுத்தது. ஓடிஜி முனை (போனில யூஎஸ்பி சாமான் கொழுவுற முனை), அதில ஒரு சின்ன ஹப், ஹப்பில கீபோட்டும் அந்த மிடி வயரும், போனில ஒரு மிடி செயலி கீபோட்டில இருந்து வாறதை அப்பிடியே அந்த வயருக்கு அனுப்பும். எட்டே முக்காலுக்குச் சத்தம் வந்திட்டுது. ரெண்டாம் பாட்டில போனுக்கு அழைப்பு. கட்டையை அமத்தின சேதி போட்டுது, விட்ட சேதி போகேல்லை. நாதஸ்வரச் சத்தம் ஒண்டு நிக்காமல் ஊதுது. மாமியார் அழைப்பு எண்டு நினைக்கிறன், அவ்வளவு நீளம். (இதுக்கு மருந்து: கொன்ட்ரோல் இலக்கம் 123, எல்லா நோட்டையும் நிப்பாட்டு எண்டு அனுப்புறது. அதுக்கு பட்டன் இல்லாட்டி மொடியூலை நிப்பாட்டிப் போடுங்கோ. அனுப்புற கருவி அக்டிவ் சென்சிங் ("நான் இன்னும் இருக்கிறன்" எண்டு விடாமல் சொல்லுற சேதி) போட்டுக்கொண்டு இருந்திருந்தா, 300 மில்லி செக்கனுக்கு மேல ஒண்டும் வராட்டி மொடியூலே தன்ர பாட்டில வாயை மூடியிருக்கும். எல்லாக் கீபோட்டும் அதை அனுப்பாது.)

இவ்வளவுக்கும் பழைய வட்ட வயர் என்ன கேக்குது? 5 மில்லி அம்பியர் கரண்ட். செக்கனுக்கு 31,250 பிற். 15 மீற்றர் வரைக்கும் வயர் இழுக்கலாம். வாங்கிற பக்கத்தில ஒப்ரோகப்ளர் இருக்கிறதால சேதி வெளிச்சமாத்தான் தாண்டும், ரெண்டு கருவிக்கும் மின்தொடுப்பு இல்லை, அதால ஜெனரேற்றர் இரைச்சல் அந்த வழியா மிக்சருக்குள்ள ஏறாது. லப்டொப்பை இடையில வைச்சு யூஎஸ்பியால ஓட்டிப் பாருங்கோ, "ம்ம்ம்" எண்டு பாட்டுக்கு முன்னமே தம்புரா தொடங்கிடும்.

ஆகவே வாங்கேக்க முன்பக்கத்துக் கலர் லைற்றைப் பாக்காதேங்கோ, பின்பக்கத்தைப் பாருங்கோ. அகாய் எம்பிகே மினியின்ர மூண்டாம் பதிப்பிலயும் கோர்க் மைக்ரோகீயிலயும் வட்ட ஓட்டை இல்லை. ஆர்ட்டூரியா கீஸ்டெப்பில இருக்கு, இன், அவுட் ரெண்டும். போன் சார்ஜரில குத்தினாலே ஓடும். ஆனா பவர் பாங்கில ஓட்டப் போறியள் எண்டால் கவனம். கீபோட் குடிக்கிறது நுளம்பு குடிக்கிற அளவு. போன் சார்ஜ் ஏறீட்டுது எண்டு நினைச்சுப் பவர் பாங்க் தானா நிண்டிடும், நடுப் பாட்டில. மற்ற ஓட்டையில ஒரு சின்ன யூஎஸ்பி லைற் கொழுவி வைச்சா அனேகமா நிக்காது.

நோவேஷன் லோஞ்ச்கீ மினி மூண்டாம் பதிப்பில 3.5 மில்லிமீற்றர் ஓட்டையால மிடி வரும், அதை வட்ட ஓட்டையாக்க ஒரு மாத்தி (அடப்டர்) வேணும். மாத்தியிலயும் ரெண்டு சாதி. ஏ வகையில முனை அஞ்சாம் பின்னுக்கு, நடு வளையம் நாலாம் பின்னுக்கு. பி வகையில அது மறுவளம். 2018இல ஏ வகைதான் நியமம் எண்டு தீர்ப்பாச்சு, கடையில தொங்குற மாத்திக்கு அது தெரியாது. மாறிப் போட்டா ஒண்டும் பழுதாகாது, சத்தம் வராது, அவ்வளவுதான். திரும்பவும் ஏழே முக்கால்.

நொப் இருக்கிறது நல்லதுதான் எண்டு சொல்லுவியள். சிலதில 1 முதல் 8 வரைக்கும் நொப் அதே கொன்ட்ரோல் இலக்கத்தைத்தான் அனுப்பும். 7 எண்டால் சத்த அளவு! பில்டர் எண்டு நினைச்சு ஏழாம் நொப்பைத் தொட்டா பாட்டே அணைஞ்சு போகும். மாத்தலாமே? மாத்தலாம், செய்நிரலுக்குள்ள. கொம்பியூட்டர் இல்லாமல் பாவிக்க வாங்கின சாமானைத் திருத்தக் கொம்பியூட்டர் வேணும். இதை எழுதேக்கையே சிரிப்பு வருது.

சும்மா சொல்லக்கூடாது, பாரம் இல்லை. பெரிய கீபோட்டைச் செம்மண் புழுதிக்குள்ள கொண்டுபோய் நாசமாக்காமல், மோட்டச்சைக்கிளில முன்னுக்கு வைச்சுப் பரந்தனில இருந்து மாங்குளம் வரைக்கும் போகலாம். சனலை மாத்தி மாத்தி மூண்டு மொடியூலை ஒரே கட்டையால வாசிக்கலாம். ஆனா 25 கட்டை எண்டால் ரெண்டு ஸ்தாயி. இடது கைக்குக் கோட்ஸ் போட்டா வலது கைக்கு இடமில்லை. கமகத்துக்குப் பிச் பென்ட் ஒரு குச்சி, அதே குச்சி மேல போனா மொடுலேசன். நாதஸ்வரத்தை வளைக்கப் போய் நடுங்க வைக்கிறதுதான் மிச்சம்.

எல்லாத்தையும் விடுங்கோ. அண்டைக்கு அந்தச் சார்ஜரைக் குத்தினது எப்பிடி எண்டு பாத்தனியளோ? ரெண்டு வட்ட முள்ளுப் பிளக்கைச் சதுர ஓட்டைக்குள்ள இறக்க, எர்த் ஓட்டைக்குள்ள பேனையைச் செருகி மூடியைத் திறந்தது. எர்த்தும் இல்லை, பேனையும் இல்லை. பாட்டு வரிசை எழுத வைச்சிருந்த ஒரே பேனை அது. எடுத்தவர் தயவுசெய்து கொண்டுவந்து தாங்கோ, மூடியோட.