ரப்பர் கப்ளிங் போட்டாலும் அலைன்மென்ட் பார்க்கத்தான் வேண்டும்

"ரப்பர் கப்ளிங் வளைந்து கொடுக்கும், மோட்டாருக்கும் பம்புக்கும் அலைன்மென்ட் பார்க்கத் தேவையில்லை" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிச் செய்யாதீர்கள். மோட்டார், பம்பு இரண்டின் ஷாஃப்டையும் (சுழலும் தண்டு) இணைக்கும் பாகம்தான் கப்ளிங்; இரண்டு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பதுதான் அலைன்மென்ட். கப்ளிங் தாங்கும், சரி. ஆனால் ஷாஃப்ட் விலகியிருந்தால் அந்த விசை ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்குக்கும், கசிவைத் தடுக்கும் சீலுக்கும் போகிறது. கேட்லாக்கில் இருப்பது கப்ளிங் தாங்கும் எல்லை, பம்பு தாங்கும் எல்லை அல்ல.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில், பாய்லர் பம்புக்கு ஒரே சீசனில் இரண்டு முறை சீல் மாற்றினோம். கப்ளிங் ரப்பர் புதிதுபோலவே இருந்தது! டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்து மோட்டாரின் காலில் ஒரு போல்ட்டைத் தளர்த்தியதும் முள் நகர்ந்தது. அந்தக் கால் தளத்தில் சரியாக உட்காரவே இல்லை. முதலில் அதற்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்தோம்.

அப்புறம் சூடு. வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு, மீட்டருக்குச் சுமார் 11 மைக்ரான் விரியும். பம்பின் காலிலிருந்து ஷாஃப்ட் மையம் 300 மி.மீ. உயரம், 60 டிகிரி சூடு ஏறுகிறது என்றால் ஷாஃப்ட் கிட்டத்தட்ட 0.2 மி.மீ. மேலே போய்விடும். மோட்டாரும் கொஞ்சம் உயரும். அதைக் கழித்து, மீதி அளவுக்கு மோட்டாரைக் குளிர்ந்த நிலையிலேயே உயர்த்தி வைக்க வேண்டும்.