மரத்தக்காளி ரசம் யாருடையது?

கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியின் சமையற்கூடத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அங்கிருந்து விலகி, பெருமாள்மலையில் பன்னிரண்டு பேர் உட்காரக்கூடிய சிறிய உணவகம் ஒன்றைத் தொடங்கிய நான்காவது மாதத்தில், பழைய முதலாளியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. மரத்தக்காளி ரசத்தின் செய்முறை விடுதிக்குச் சொந்தமானது, அதை நான் விற்பதை உடனே நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்த ரசத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மரத்தக்காளி என்பது எங்கள் மலையில் மரத்தில் காய்க்கும் புளிப்புப் பழம். அதைக் காம்போடு தணலில் வாட்டித் தோலை முழுவதுமாக உரித்துவிட வேண்டும். தோலில் ஒரு துணுக்கு தங்கினாலும் கசப்பு ஏறிவிடும். பழத்திலேயே போதுமான புளிப்பு இருப்பதால் புளி கரைத்து ஊற்றக் கூடாது. எங்கள் மலைப்பூண்டுக்குக் காரம் அதிகம் என்பதால், சமவெளிப் பூண்டு போடும் அளவில் பாதிதான் நசுக்கி நெய்யில் வதக்க வேண்டும். இது படிய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. முதல் இரண்டு மாதங்களில் வீணாகிக் கொட்டிய ரசத்துக்குக் கணக்கே இல்லை.

கொட்டிய ரசத்துக்குக் காசு கொடுத்தவர் முதலாளி என்பதையும் நான் மறைக்கவில்லை. அவருடைய கேஸ், அவருடைய பாத்திரங்கள், அவர் சம்பளம் கொடுத்த நேரம், அவருடைய வாடிக்கையாளர்களின் நாக்கு ஆகியவற்றை வைத்துத்தான் நான் அந்தப் பக்குவத்தைக் கண்டடைந்தேன். ஆகவே அவருடைய கோரிக்கையை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டம் என்னதான் சொல்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தைக் காக்கிறது. எழுத்துக்குள் இருக்கும் யோசனையையோ செய்யும் முறையையோ அது காப்பதில்லை. அதன் 17ஆவது பிரிவின்படி, ஊழியர் ஒருவர் தம் பணியின் பகுதியாக எழுதியது, வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாதபோது, முதலாளியையே முதல் உரிமையாளராகக் கொள்ளும். எனவே நாற்பது பேருக்கான அளவுகளை என் கையெழுத்தில் குறித்துவைத்த நோட்டுப் புத்தகம் விடுதிக்குச் சேர வேண்டியதுதான். விலகிய அன்றே அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்; அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அந்த நோட்டில் எழுதியிருப்பதைச் சமைத்துப் பரிமாறுவதைப் பதிப்புரிமை தடுக்காது. புதிய கண்டுபிடிப்புகளுக்குத் தரும் காப்புரிமையின் (பேடண்ட்) பக்கம் போனால் வழி இன்னும் குறுகல். வெறுமனே பொருள்களைக் கலப்பதால் அவற்றின் குணங்கள் ஒன்றுசேர்வதையும், வழிவழியாக வந்த அறிவையும் கண்டுபிடிப்பாகக் கொள்ள முடியாது என்று 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தினுடைய 3ஆவது பிரிவு விலக்கிவைத்திருக்கிறது.

எஞ்சியிருப்பது ரகசியம் என்ற வாதம். தொழில் ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச்சட்டம் கிடையாது. இருவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தையும் நீதிமன்றங்கள் வகுத்த நெறிகளையும் வைத்தே வாதாட வேண்டும். நான் கையெழுத்திட்ட வேலை உத்தரவில் சம்பளம், விடுப்பு, சீருடை பற்றி இருந்ததே தவிர, செய்முறை பற்றி ஒரு வரியும் இல்லை. வேலையை விட்டபின் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தாலும், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தினுடைய 27ஆவது பிரிவின்முன் அது நிற்பது கடினம். சமையல்காரனுக்குப் பிழைப்பு கையில்தான் இருக்கிறது; அந்தக் கையைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது.

எனினும் இதைப் படித்துப் படித்து எனக்குத் தெளிவானது வேறொன்று: உணவுத் தொழிலில் நடக்கும் சண்டை பெரும்பாலும் பக்குவத்துக்கானது அல்ல, பெயருக்கானது. 2024ஆம் ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த பட்டர் சிக்கன் வழக்கைப் பாருங்கள். மோதி மகால் உணவகத்தார் தர்யாகஞ்ச் உணவகத்தார்மீது தொடுத்த அந்த வழக்கின் மையம், அந்தக் கறியை யார் சமைக்கலாம் என்பதன்று. அதைக் கண்டுபிடித்தவர்கள் என்று யார் சொல்லிக்கொள்ளலாம் என்பதே. எங்கள் அடிவாரத்தில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகும் வாழைப்பழத்தையும் வெல்லத்தையும் நெய்யையும் தேனையும் ஏலக்காயையும் சேர்த்து யார் வேண்டுமானாலும் வீட்டில் பிசையலாம். பழனி என்ற ஊர்ப்பெயரை ஒட்டி விற்பதுதான் கட்டுக்குள் வந்தது.

பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு எழுதியவருக்கு ஒன்றை மிச்சம் வைத்திருக்கிறது: உரிமை வேறொருவரிடம் போன பிறகும், இதை எழுதியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை. எழுத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இந்த மரியாதையைச் சமையலுக்கு உணவகங்கள் தாமாகவே கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி. அந்த விடுதியின் மெனு கார்டில் ரசத்துக்குக் கவர்ச்சியான ஆங்கிலப் பெயர் இருந்தது, விலை இருந்தது, விடுதி எந்த ஆண்டு கட்டப்பட்டது என்பதுகூட இருந்தது. அதைச் செய்தவன் யார் என்பது இல்லை.

இவ்வளவு பேசும் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மரத்தக்காளியைத் தணலில் வாட்டும் முறையை நான் பூம்பாறையில் ஒரு பாட்டியிடம் பார்த்தேன். பூண்டு வாங்கப் போன இடத்தில், அவர் அதை வாட்டி உப்பும் பச்சைமிளகாயும் வைத்து அம்மியில் துவையலாக அரைத்துக் கொடுத்தார். துவையலை ரசமாக்கியது மட்டுமே என் வேலை. அவருடைய பெயர் விடுதியின் கார்டிலும் இல்லை, என்னுடைய கார்டிலும் இல்லை.

நோட்டீஸுக்குப் பதில் அனுப்பினேன். விடுதி வைத்த ஆங்கிலப் பெயரை நான் எங்கும் பயன்படுத்தவில்லை, இனியும் பயன்படுத்த மாட்டேன், ரசத்தை மட்டும் தொடர்ந்து செய்வேன் என்று எழுதினேன். அதன்பின் அங்கிருந்து கடிதம் எதுவும் வரவில்லை.

இப்போது என்னிடம் ஒரு தம்பி வேலை பார்க்கிறான். இந்த சீசனில் நம் மலைப் பிளம்ஸை வைத்து ஒரு தொக்கு செய்தான். வந்தவர்கள் பாட்டிலில் கேட்டு வாங்கிப் போகிறார்கள். வெல்லமும் எண்ணெயும் என் கடையுடையவை. முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது, அந்த நோட்டீஸை அனுப்பியவரின் மனம் எனக்குக் கொஞ்சம் புரிந்தது என்பதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன். ஆகவே கசப்பு வருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். அளவுக் குறிப்பு ஆளுக்கு ஒரு பிரதி. இங்கே விற்கும் வரை பாட்டிலில் அவன் பெயர் இருக்கும். அவன் போன பிறகும் கடை அதைச் செய்யலாம், அவனும் எங்கும் செய்யலாம்.

தாளைப் படித்துவிட்டு, “அண்ணே, நான் போன பிறகு நீங்க செய்யிற தொக்கு நல்லா இல்லேன்னா, அப்பவும் என் பேருதான் பாட்டில்ல இருக்குமா?” என்று கேட்டான். அந்த வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம்.