மைக் தலையைப் பொத்தினால் கூவல் கூடும்
அண்ணே, பாடகர் மைக்கின் தலையைப் பொத்திப் பிடித்தால் கூவல், அதாவது ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்கில் புகுந்து எழும் ஊளை, அடங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நடப்பது நேர்மாறு. எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக்கில், அதாவது முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் மைக்கில், வலைக்குள் பின்பக்கத் துளைகள் உண்டு. பின்னாலிருந்து வரும் சத்தத்தைக் கழிப்பவை அவைதான். உள்ளங்கை அவற்றை அடைத்தால் மைக் எல்லாத் திசையையும் வாங்கும், பாடகர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் சத்தம் உட்பட. ராக் பாடகர்கள் பலர் அப்படிப் பிடிப்பது உண்மைதான். காதுக்குள் மானிட்டர் மாட்டியவர்கள் தப்பிக்கிறார்கள்.

காரைக்குடி வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) தப்பவே முடியாது. ஆத்தங்குடிக் கல்லும் பளபளக்கும் சுண்ணாம்புச் சுவரும் சத்தத்தை அப்படியே திருப்பியடிக்கும். தரையில் தடித்த ஜமுக்காளம் விரியுங்கள், கீச்சாவது கொஞ்சம் குறையும். மைக்கின் தண்டைப் பிடித்து, உதட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பாடட்டும். மைக்கின் வால் மானிட்டரைப் பார்க்கட்டும். நெருங்கிப் பாடும்போது அடிச்சத்தம் (பேஸ்) ஏறும், ஒலி மிக்சரில் 100 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.