ஜெபக் குறிப்பா, முகவரிச் சீட்டா?

வடக்கே மிஷன் ஊழியத்தில் எடுத்து முகநூலில் போட்ட அந்த ஞானஸ்நானப் படத்தைப் பற்றித்தான். பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், தேடிப் பிடித்துப் பகிரவும் வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் வரிசையாகப் பெண்கள், கரையில் ஊழியர், ஒவ்வொரு முகமும் பளிச்சென்று. மேலே மாவட்டப் பெயர், ஊர்ப் பெயர், இனத்தின் பெயர், எத்தனை ஆத்துமாக்கள் என்ற கணக்கு. கீழே "ஜெபித்துக்கொள்ளுங்கள்". அதற்கும் கீழே ஆமென் ஆமென் என்று ஒரு திருவிழாக் கூட்டம். ஒரே ஒருவர் மட்டும் "ஐயா, தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள்" என்று எழுதினார். அவருக்குக் கிடைத்த பதில்: "பயந்தவர்கள் மிஷன் பற்றிப் பேச வேண்டாம்."

நல்லது. பயந்த கட்சியிலிருந்தே பேசுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். சந்திக்கப்படாத, அதாவது சுவிசேஷம் இன்னும் போய்ச் சேராத மக்களுக்காக ஜெபிக்க விவரம் வேண்டும், மறுக்கவில்லை. அந்த மக்களைப் பற்றிய விவரம் எவ்வளவு வேண்டுமானாலும் பொதுவில் வரட்டும். அங்கே இருக்கும் ஆளைப் பற்றிய விவரம் ஒன்றுகூட வரக் கூடாது. நாம் செய்வது அப்படியே தலைகீழ். அந்தப் படத்துக்கு ஆமென் போட்டவர்களில் நாலு பேரைக் கூப்பிட்டு, அந்த மக்கள் என்ன மொழி பேசுகிறார்கள், எந்த மாதத்தில் பிழைப்புக்கு வெளியூர் போகிறார்கள், அந்த மொழியில் வேதத்தில் எத்தனை புத்தகம் வந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது. ஆனால் ஊழியர் முகம் தெரியும், அவர் பைக் நம்பர் தெரியும். படத்தில் இருக்கிறதே!

இதில் என்ன ஆபத்து என்று உண்மையாகவே தெரியாமல் கேட்கிறவர்களுக்காகச் சட்டத்தைச் சொல்கிறேன். மதமாற்றத் தடைச் சட்டம் ஒடிசாவில் 1967, மத்தியப் பிரதேசத்தில் 1968 முதல் இருக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே 2002இல் வந்து 2004இல் போனது. உத்தரப் பிரதேசத்தின் 2021 சட்டப்படி, மதம் மாற விரும்புகிறவர் 60 நாட்களுக்கு முன்பே மாவட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும். நடத்தி வைக்கிறவர் ஒரு மாதம் முன்பே தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தாலே அது கூட்டு மதமாற்றம். குற்றம் செய்யவில்லை என்று நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். முதலில் பாதிக்கப்பட்டவரோ உறவினரோதான் புகார் கொடுக்கலாம் என்றிருந்தது. 2024 திருத்தத்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கூட்டு மதமாற்றத்துக்குத் தண்டனை 7 முதல் 14 ஆண்டுகள்.

இப்போது அந்தப் படத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். தேதி, இடம், ஆட்கள், எண்ணிக்கை. புகார் எழுதுகிறவருக்கு இனி என்ன வேலை மிச்சம்? முழு மனுவையும் நாமே தயார் பண்ணி, ஸ்தோத்திரம் சொல்லிக் கையில் கொடுத்துவிட்டோம்.

"முகத்தை மங்கலாக்கிப் போட்டால் போதாதா?" போதாது. பின்னால் பள்ளிக்கூடச் சுவரில் ஊர்ப் பெயர் இருக்கும். அடிபம்பில் பஞ்சாயத்துப் பெயர் பொறித்திருக்கும். கடைப் பலகை, கோயில் கோபுரம், மலையின் வளைவு, சேலை கட்டும் விதம், எல்லாமே அடையாளம். வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு கழன்றுவிடும். "தெளிவாக இருக்கட்டும்" என்று டாக்குமெண்டாக அனுப்பினால் எடுத்த இடம், நேரம் எல்லாம் ஒட்டிக்கொண்டே போகும். நம் ஆட்கள் பேனர் அடிக்கத் தெளிவாக வேண்டும் என்று டாக்குமெண்டாகத்தான் கேட்டு வாங்குவார்கள். குழுவில் போட்டதை "எல்லாருக்கும் அழி" என்று நீக்கவும் சுமார் இரண்டரை நாள்தான் அவகாசம், அதற்குமேல் உங்கள் போனில் மட்டும்தான் போகும். ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேரும் விசுவாசிகள்தான் என்று யார் ஜாமீன்?

அடுத்து வரப்போகிற வசனமும் தெரியும். விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்கிறதில்லை. கர்த்தர் காப்பார், மறைப்பது அவிசுவாசம்.

பவுலைவிடவா நமக்கு விசுவாசம்? தமஸ்குவில் அவரைக் கொல்லப் பார்த்தபோது சீஷர்கள் வாசலில் நின்று சாட்சி சொல்லவில்லை. ராத்திரியில் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கினார்கள். எருசலேமில் நாற்பது பேருக்கு மேல் சபதம் போட்டுக் காத்திருந்ததை அவருடைய சகோதரியின் மகன் வந்து சொன்னான். ரோம சேனாபதி அதைக் கேட்டுவிட்டு அந்தப் பையனிடம் சொன்னது, இதை என்னிடம் சொன்னதாக ஒருவருக்கும் சொல்லாதே என்பது. பிறகு 200 காலாட்கள், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரரோடு ராத்திரி ஒன்பது மணிக்குப் பவுலைக் கிளப்பினார்கள். பவுல் "இது அவிசுவாசம், நான் பகலில்தான் வருவேன்" என்றாரா? தெசலோனிக்கேயருக்கு எழுதும்போதும் வசனம் பரம்ப ஜெபியுங்கள் என்றதோடு, பொல்லாத மனுஷர் கையிலிருந்து நாங்கள் விடுவிக்கப்படவும் ஜெபியுங்கள் என்று சேர்த்தே கேட்டார். பாதுகாப்பு கேட்பது பயம் என்றால் அந்த நிருபத்தையும் கிழித்துவிடலாம்.

"இரத்தசாட்சிகளின் இரத்தம் சபையின் வித்து" என்று ஒருவர் பெருமையோடு போட்டிருந்தார். யாருடைய இரத்தம், ஐயா? நீங்கள் இருப்பது ஏசி அறை. ஸ்டெய்ன்ஸ் பெயரையும் இழுத்திருந்தீர்கள். ஆஸ்திரேலிய மிஷனெரி கிரஹாம் ஸ்டெய்ன்ஸ் 1965இல் ஒடிசாவுக்கு வந்தார். மயூர்பஞ்சில் தொழுநோயாளிகளோடு முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். 1999 ஜனவரியில் மனோகர்பூரில் பத்து வயதும் ஆறு வயதுமான பிள்ளைகளோடு வண்டிக்குள் எரிக்கப்பட்டார். அந்தப் பெயர் உங்கள் மீம்ஸுக்குத் தலைப்பு அல்ல. தன் உயிரைத் தானே கொடுப்பது வேறு, தண்ணீரில் நிற்கிற ஒரு கூலிக்காரப் பெண்ணின் வீட்டைக் கேட்காமலேயே பணயம் வைப்பது வேறு.

எப்போதுமே விலை கொடுப்பது அந்த ஊர்க்காரர்தான். 2018 நவம்பரில் அந்தமானின் வட சென்டினல் தீவுக்குச் சுவிசேஷம் சொல்லப் போய், அங்கிருந்த பழங்குடிகளால் கொல்லப்பட்ட அமெரிக்கர் ஜான் ஆலன் சாவ் பற்றி இரு பக்கமும் நிறையப் பேசினார்கள். அவரைப் படகில் கொண்டுவிட உதவிய மீனவர்கள் கைதானதை எத்தனை ஜெபக்குழு ஞாபகம் வைத்திருக்கிறது? அந்தமான் பழங்குடிகளைக் காக்கும் ஒழுங்குமுறை 1956இலேயே வந்தது. வெளியாளின் சாதாரணச் சளிக்கே எதிர்ப்புச் சக்தி இல்லாத மக்கள். அங்கே ஜெபம் மட்டும் போகலாம், கால் போகக் கூடாது. இதைச் சொன்னால் நான் மிஷனுக்கு விரோதி!

விவரமாக ஜெபிப்பது எப்படி என்று ஃப்ரேசரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஜேம்ஸ் ஃப்ரேசர், 1908இல் சீனாவுக்குப் போனவர், யுன்னான் மலைகளில் லிசு மக்களிடையே வேலை செய்தவர். இங்கிலாந்தில் லெட்ச்வொர்த் என்ற ஊரில் அவருடைய அம்மா ஒரு சிறு ஜெபக்குழு சேர்த்தார். ஃப்ரேசர் அவர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினார். லிசு மக்கள் எப்படி வாழ்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்றெல்லாம். வருடக் கணக்கில் பலன் கம்மி, பிறகுதான் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அந்தக் கடிதம் கடல் கடந்து போய்ச் சேர வாரக் கணக்காகும். படிக்கிறவர்கள் ஒரு கூடத்தில் உட்காரக்கூடிய சிலர். ஊர்ப் பெயர் எழுதினாலும் அது அந்தக் கூடத்தோடு நின்றது. நம்முடைய பதிவு அடுத்த நொடியில் அந்த ஊர்த் தலைவர் போனிலேயே போய் நிற்கிறது.

விவரம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஜார்க்கண்டின் ராஜ்மஹால் மலைகளைச் சொல்லலாம். பஹாடியா மக்கள் பேசும் மால்தோ நம் தமிழ் மாதிரியே திராவிடக் குடும்பத்து மொழி. இங்கிருந்து போன மிஷனெரிகளுக்காக இங்கே வீடு வீடாக ஜெபித்தார்கள். எதற்கு ஜெபிக்க வேண்டும்? சாஹிப்கஞ்ச், பாகூர், தும்கா, கோட்டா பக்கம் காலா அசார் என்ற நோய். மண்சுவர் வெடிப்பில் பதுங்கும் மணல் ஈயால் பரவுகிறது. காய்ச்சல் வாரக் கணக்கில் விடாது, மண்ணீரல் வீங்கும், வைத்தியம் இல்லையென்றால் பெரும்பாலும் சாவுதான். வீட்டுச் சுவருக்கு மருந்தடிக்க வருகிறவர்கள் மலைமேல் ஏறி வரவேண்டும், மக்கள் வீட்டைத் திறந்துவிட வேண்டும். கல்குவாரித் தூசி நுரையீரலை அடைக்கிறது. மழைக்காலத்தில் பாதை அறுந்துபோகும். இந்த ஒவ்வொன்றும் ஒரு ஜெபக் குறிப்பு. ஒருவருடைய பெயர்கூட வரவில்லை, கவனித்தீர்களா? இதற்காக ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்கலாம். மாட்டோம். "வடஇந்தியாவைக் கர்த்தர் அசைப்பாராக" என்று அரை நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போவோம்.

இன்னொன்றும் சொல்கிறேன். சந்திக்கப்படாத மக்கள் அதிகம் வாழும் பகுதியை ஜன்னல் 10/40 என்று வாய்க்கு வாய் சொல்கிறோம். வட அட்சரேகை 10 டிகிரி முதல் 40 டிகிரி வரை. பாளையங்கோட்டையும் நாகர்கோவிலும் அதற்கு வெளியே, திண்டுக்கல் உள்ளே. வரைபடத்தைப் பிரித்தே பார்க்காதவர்கள்தான் அந்த ஜன்னலை அதிகமாகத் தட்டுகிறார்கள். சந்திக்கப்படாத இனம் என்றால் சுவிசேஷ விசுவாசிகள் 2 சதவீதத்துக்கும், கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்கிறவர்களே 5 சதவீதத்துக்கும் குறைவு என்பது, மக்கள் இனங்களைப் பட்டியலிடும் மிஷன் ஆய்வு அமைப்பான ஜாஷுவா ப்ராஜெக்ட்டின் அளவுகோல். இதுவும் தெரியாமல் "சந்திக்கப்படாத" என்று பேனர்.

எங்கள் சபையில் ஒரு பாட்டி. கோடுபோட்ட நாற்பது பக்க நோட்டு, பேனா தொங்க நூல். ஊழியரின் முதல் எழுத்து, மனைவிக்குச் சர்க்கரை, மூத்தவன் பன்னிரண்டாவது, சின்னவள் ஹாஸ்டலில் அழுகிறாள், மொழிப் பரீட்சை எந்த மாதம், ரயில் எந்தக் கிழமை. அவ்வளவும் இருக்கும். அந்த நோட்டு வீட்டு வாசலைத் தாண்டாது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை மிஷனுக்கென்று தனிச் சட்டியில் போடுவார். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினபோது இருந்த சபையும் இந்தக் கைப்பிடி அரிசிச் சபைதான். ஞானஸ்நானப் படம் அனுப்பினால்தான் அரிசி போடுவேன் என்று எந்தக் கிழவியும் சொல்லவில்லை.

சொல்கிறவர்கள் இப்போதுதான் வந்திருக்கிறார்கள். இங்கேதான் எனக்கு உள்ளே எரிகிறது. "படம் இல்லாவிட்டால் தாங்குகிறவர்கள் தரமாட்டார்கள்" என்று மிஷன் அலுவலகங்கள் சொல்வதில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பணம் வாங்கினால் கணக்குக் காட்டத்தான் வேண்டும். ஆனால் கணக்கு என்பது ரசீது, தணிக்கை, வாடகைச் சீட்டு, பள்ளிக் கட்டணம். தண்ணீரில் நனைந்து நிற்கிற பெண்ணின் முகம் ரசீது ஆகாது. மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு "இந்த மாதம் எத்தனை பேர்?" என்று போன் போடுகிறவர்கள் நம்மில்தான் இருக்கிறார்கள். இங்கிலாந்து மிஷனெரி வில்லியம் கேரி 1793 நவம்பரில் வங்காளத்தில் இறங்கினார். அவருடைய ஊழியத்தின் முதல் பலனான கிருஷ்ணபால் ஞானஸ்நானம் எடுத்தது 1800 டிசம்பர் கடைசியில். ஏழு வருடம்! இன்றைக்குக் கேரி இருந்தால் இரண்டாம் வருடமே "பலன் இல்லை" என்று உதவியை நிறுத்தியிருப்போம். அந்த அழுத்தத்தில்தான் ஊழியர் படம் எடுக்கிறார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கேட்டு வாங்கிப் போட்டவர்களைத்தான் கேட்கிறேன்.

பாதுகாப்பாகச் செய்ய வழியில்லாமல் இல்லை. மாநிலத்தோடு நிறுத்துங்கள், அதுகூட வேண்டாம் என்றால் "மத்திய இந்தியா" போதும். புதிதாக வந்தவர்களின் பெயர், எண்ணிக்கை, படம் எப்போதுமே கிடையாது. நடந்ததை இரண்டு மூன்று மாதம் தள்ளிச் சொல்லுங்கள், ஜெபத்துக்குக் காலாவதி இல்லை. வரப்போகிற கூட்டத்தின் தேதியை எழுதவே எழுதாதீர்கள். ஜெபக்கூட்டத்தில் தாளில் படித்துவிட்டுத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சின்ன ஒழுங்குக்கே முகம் சுளிக்கிறவர்கள், "இன்று இரவு 200 மிஷனெரிகளைக் கொல்லப்போகிறார்கள், ஒலிசபாங் மாகாணத்தில் 20 சபைகளை எரித்துவிட்டார்கள்" என்ற பொய்யை மட்டும் தயங்காமல் அனுப்புகிறார்கள். அப்படி ஒரு மாகாணமே இந்தியாவில் இல்லை. வருடக் கணக்கில் அதே 200 பேர், அதே "இன்று இரவு". உண்மையை மறைக்கத் தெரியாது, பொய்யைச் சரிபார்க்கவும் தெரியாது.

"மதமாற்றமே தப்பு, இதில் பாதுகாப்பு வேறா" என்று வரப்போகிற நண்பர்களே, மதத்தைப் பரப்பும் உரிமை தருகிற அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவும் தெரியும், பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெரியும். அந்தச் சண்டைக்கு இன்னொரு நாள் வாருங்கள். இன்று வீட்டுக்குள் பேச்சு.

வீட்டுக்குள் என்று சொன்னாலும் பதிவு பொதுவில்தானே இருக்கிறது. அதனால் கடைசியாக இதையும் கேட்டுவிடுகிறேன். "இருளில் கிடக்கும் ஜனம்", "பிசாசின் கோட்டை", "இந்த மலையைச் சுதந்தரிப்போம்" என்று அந்தப் படத்தின் கீழே எழுதியிருக்கிறோமே, முகநூலில் மொழிபெயர்ப்புப் பட்டன் இருப்பது தெரியுமா? அந்த ஊர்ப் பையன்கள் கையிலும் போன் இருக்கிறது. தண்ணீரில் நிற்பது அவன் அக்காவாக இருக்கலாம். தமிழில் நாம் எழுதினதை அவன் இந்தியில் தட்டிப் படித்துவிட்டு, மறுநாள் காலை நம் ஊழியர் டீ குடிக்கிற அதே கடைக்குத்தான் வருவான். அவன் கேட்கிற கேள்விக்கு ஊழியர் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும். ஆமென் போட்ட யாரும் பக்கத்தில் இருக்கமாட்டோம்.