போலீஸ் மேல் புகார் என்றால் யாரிடம் போவது?

சாலை மறியல் என்றாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு மருத்துவமனைக்குப் போகிற வழியை அடைத்து உட்கார்ந்தால், ஆம்புலன்சில் கிடப்பவர் என்ன பாவம் செய்தார்? அதனால் இடம், நேரம் பற்றி போலீஸ் நிபந்தனை போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவும் ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவதற்குத்தான் உரிமை தருகிறது.

கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைத்து, மதியம் சாப்பாடு போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவது இங்கே பழகிப்போன விஷயம். போராடுகிறவர், போலீஸ் இருவருக்குமே இந்த எழுதாத ஒப்பந்தம் தெரியும். அது உடைகிற நாளில்தான் சிக்கல்.

2023 ஜூலையில் நம் மாவட்டத்திலேயே உடைந்தது. வளையமாதேவியில் போலீஸ் பாதுகாப்போடு, வளர்ந்து நின்ற நெல்லுக்குள் என்.எல்.சி. நிலக்கரி நிறுவனத்தின் கால்வாய்க்காக பொக்லைன் இறங்கியது. இரண்டு நாளில் நெய்வேலியில் பா.ம.க. போராட்டம். கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு. போலீசாருக்கும் காயம். கல்லெறிந்தவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் நிலத்தைப் பற்றி முடிவெடுத்தவர்கள் யாரோ, கல்லடி வாங்கியது காலையிலிருந்து வெயிலில் நின்ற கான்ஸ்டபிள்.

சரி, போலீஸ் எல்லை மீறினால்? 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி சொன்னது: மாவட்டத்துக்கு ஒரு போலீஸ் புகார் ஆணையம், அதற்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். தமிழ்நாடு 2013-ல் போட்ட சட்டத்தில் அந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள் தெரியுமா? கலெக்டரை. பக்கத்தில் உறுப்பினராக எஸ்.பி. மாநில அளவில் உள்துறைச் செயலாளர், கூடவே டி.ஜி.பி. யார் மேல் புகாரோ அவர்களே விசாரணைக்கு!

கலெக்டர் வெளியாளும் அல்ல. நாம் 144 என்று சொல்லிப் பழகிய தடை உத்தரவைப் போடும் அதிகாரம் அவர் கையில்தான் இருக்கிறது. 2018 தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் 17 போலீசார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது, அப்போதைய கலெக்டரையும் குறை சொன்னது. செத்தவர்களின் குடும்பம் மாவட்ட ஆணையத்துக்குப் போவதென்றால், சட்டப்படி அதே கலெக்டர் நாற்காலியில் இருப்பவரிடம்தான் மனு கொடுக்க வேண்டும்.

'போராடி என்ன கண்டீர்கள்' என்று கமெண்டில் வருவார்கள். பக்கத்துப் புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று 12 மில் தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். அதற்கப்புறம்தான் அங்கே 8 மணி நேர வேலை சட்டமானது.

போராட்டத்துக்கு போலீஸ் அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில், சில நாள் முன்பே தரட்டும். முதல் நாள் ராத்திரி 'கிடையாது' என்றால் சென்னை ஐகோர்ட்டுக்கு எப்போது ஓடுவது?

2013-ல் சட்டம் போட்டது அ.தி.மு.க. அரசு, 2021-ல் வந்தது தி.மு.க. எதிர்க்கட்சியாக இருக்கும்போது தடியடிக்குக் கொதிக்காத கட்சி இங்கே உண்டா? ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதிகளுக்கும் பஞ்சமில்லை. அந்த ஒரு நாற்காலியை அவர்களிடம் கொடுக்க ஒரு சட்டத்திருத்தம், அவ்வளவுதான் நான் கேட்பது.